கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. சந்தை இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"மாரி, வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வர முடியுமா?"

"வாரேன்க்கா. லோடு பழனிக்கா, மதுரைக்கா? எத்தனை கட்டு வரும்?"



"கட்டு இல்ல தம்பி. உங்க அண்ணன்தான். விடியக்காலம் போயிட்டாரு. புத்தகம் ஏத்துற வண்டியிலதான் என்னையக் கொண்டுபோகணும்னு சொல்லி வச்சிருந்தாரு. அதான் உன்னையக் கூப்பிட்டேன்."

நான் பக்கத்தில் இருந்த தக்காளிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். என் கனத்துக்கு அது உடைந்தது. திட்ட வாயெடுத்த கமிஷன் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாரி, ஊட்ல ஏதாச்சுங்களா?" என்றார். "எங்க புத்தகக்காரர் போயிட்டாருங்க" என்றேன். அவர் ஏதோ பள்ளிக்கூடப் புத்தகக் கடைக்காரர் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அங்கேயே குழாயடியில் வண்டியைக் கழுவினேன். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தக்காளி வாசம் போகவில்லை. இருக்கட்டும், அவருடைய புத்தகங்களும் அந்த வாசத்தோடுதான் ஊர் ஊராகப் போயின.

அருளப்பன் அண்ணனை அறிந்த நண்பர்களே, அவருடைய முப்பதாம் நாளுக்கு வெளியிடப்போகும் புத்தகத்தின் முன்பக்கத்துக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். அந்தப் பத்தாம் வகுப்பிலும் கணக்குப் பாடம் என்னை மேலே விடவில்லை. காய்கறி லோடு அடிக்கும் குட்டியானை வண்டிக்காரன். "நீதான்யா அவர்கூட அதிகமா இருந்தவன்" என்றீர்கள். இருந்தேன். அதில் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அந்தப் புத்தகத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதவே சம்மதித்தேன்.

புத்தகம் கைக்கு வரும் இளைய பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை. அருளண்ணன் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் தன் வீட்டு முன்னறையில் 'தலைச்சுமை வெளியீடு' என்று ஒரு பலகையை மாட்டினார். ஒரு டீயும் ஒரு வடையும் என்ன விலையோ அதற்கு மேல் எந்தப் புத்தகத்துக்கும் விலை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கூலி, நிலம், ரேஷன், டீக்கடையில் தனிக் குவளை, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எல்லாம் சட்டைப்பையில் அடங்குகிற புத்தகங்கள். வேலையை விடாத அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "உங்க புரட்சிக்கு என் சம்பளம்தான் சர்க்கார் மானியம்" என்று அக்கா சொல்வார். அருளண்ணன், "அதனாலதான் நாங்க சர்க்காரக் கவுக்கல" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை நேராக அச்சுக்கு அனுப்ப மாட்டார். யாருக்காக எழுதினாரோ அவர்களை உட்காரவைத்து முதலில் சத்தமாக வாசிப்பார். பூ விவசாயம் பற்றி என்றால் பூக்காரர்கள் நடுவில். சுமை தூக்குவோர் பற்றி என்றால் சந்தையில் மூட்டை மேல். கையில் ஒரு பென்சில். கேட்பவர் எங்கே கொட்டாவி விடுகிறாரோ அந்த இடத்தில் ஒரு கோடு விழும். வீட்டுக்குப் போய் அதை வெட்டிவிடுவார்.

கொட்டாவி விடுவதற்கென்றே பிறந்தவன் நான். விடியுமுன் எழுந்து லோடு ஏற்றுகிறவனுக்கு வேறு என்ன வரும்? எங்கே வாசிப்பு நடந்தாலும் என்னை வண்டியோடு கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைப்பார். ஒருமுறை மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் தன் கட்டுரையைத் தானே வாசித்தார். இரண்டாவது பத்தியில் நான் வாயைத் திறந்தேன். ஐந்தாவது பத்தியில் குறட்டையே வந்துவிட்டதாம். பேராசிரியர் கோபமாக, "யாருங்க இவரு?" என்று கேட்க, அருளண்ணன், "இவருதாங்க எங்க எடிட்டரு" என்றார்.

வெட்டி முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், உட்கார்ந்து கேட்டவர்களின் பெயரும் ஊரும் இருக்கும். மற்ற புத்தகங்களில் பெரிய மனிதர்களின் அணிந்துரை இருக்குமே, அதற்குப் பதிலாக இது. "பெரிய மனுசன் படிக்காமயே பாராட்டுவான். இவங்க பொழப்ப விட்டுட்டு வந்து கேட்டவங்க" என்பார். சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து, சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். தூங்கியவன் பெயர் வராது என்பதும் சட்டம். அதனால் இத்தனை புத்தகங்களில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் புத்தகம் கொண்டுபோவோம். பாதயாத்திரை வருகிறவர்கள் நடுவில், கோயில் பக்கமே போகாத மனிதர் கடை விரிப்பார். ஒரு கொங்கு நாட்டுக்காரர் வந்து, "ஏனுங்க, இதுல முருகன் பாட்டு இருக்குதுங்களா?" என்றார்.

"கூலிப் பாட்டு இருக்குங்க."

"பஸ்ஸுல விசிறிக்கறதுக்கு ஆகுமுங்களா?"

"நல்லா ஆகும். விசிறி முடிச்சதும் செத்த நேரம் படிச்சுப் பாருங்க."

அவர் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். ஒன்று தனக்கு, ஒன்று வியர்த்துப்போய் நின்ற தன் மனைவிக்கு. "பாத்தியா மாரி, ஒரே வீட்டுக்கு ரெண்டு" என்று அருளண்ணன் அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் முப்பதாம் நாளுக்குத் தேர்ந்தெடுத்திருப்பது 'மில்லுக்குப் போகும் தங்கைக்கு' என்ற புத்தகம். அதைப் பற்றிப் பேசாமல் நான் எதையும் முடிக்க முடியாது.

அப்போது என் மகள் கவிதா, ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேன் நிறையப் பிள்ளைகள் போவார்கள். எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம், பிடித்தம் செய்த பணம் எங்கே போகிறது, கை மிஷினில் சிக்கினால் யார் பொறுப்பு, மேஸ்திரி கையை நீட்டினால் யாரிடம் சொல்வது என்று அருளண்ணன் அவர்களுக்காக எழுதியிருந்தார். சோற்று டப்பாவின் மூடிக்குள் அடங்குகிற அளவில் புத்தகம். ஸ்டெல்லா அக்காவின் டப்பாவை வைத்தே அளவெடுத்தார்.

வார விடுமுறை நாள் ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வீட்டு முற்றத்தில் வாசிப்பு நடந்தது. கவிதாவும் அவளோடு வேலை செய்த பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர்களில் நிலக்கோட்டைப் பக்கத்துப் பாண்டியம்மாள்தான் பெரிய வாயாடி. "அண்ணே, மேஸ்திரியப் பத்தி நீங்க எழுதினது பத்தாது. நான் சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள். சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கக்கூசுக்குப் போனால் நேரம் பார்ப்பார்கள், நிற்க முடியாத நாட்களிலும் நின்றே ஆக வேண்டும் என்பதையெல்லாம் என் மகள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று நான் கொட்டாவி விடவில்லை. பென்சில் எங்குமே ஓடவில்லை.

முடிந்ததும் அருளண்ணன், "பேரு சொல்லுங்க தாயீ" என்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொன்னார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எல்லாப் புத்தகத்துக்கும் செய்ததைத்தான் இதற்கும் செய்தார். மூட்டைக்காரரும் பூக்காரரும் யாருக்கும் கைகட்டி நிற்பவர்கள் இல்லை, இந்தப் பிள்ளைகள் மறுநாளும் மில் கேட்டுக்குள் போய்த் திரும்ப வேண்டியவர்கள் என்பது அந்த முற்றத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

புத்தகம் வந்தது. மகளின் பெயரை அச்சில் பார்த்த சந்தோஷத்தில் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். சில நாட்களில் ஒரு பிரதி மில் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஷிப்டு தொடங்கும் நேரத்தில் அதிகாரி ஒருவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் தனியே நிற்க வேண்டும். நின்றவர்களை அப்படியே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று வேன் இல்லாமல் பஸ் பிடித்து வீடு திரும்பிய கவிதா சொன்னது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

"அப்பா, அருளண்ணன் எங்க பேர எழுதிட்டு ஒருக்கா வாசிச்சுக் காமிச்சாருல்ல, அதே வரிசையில அந்த ஆளும் வாசிச்சாருப்பா."

செய்தி கேட்டு அருளண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றார். என் மனைவி ராசாத்தி அவரை ஒரு நாளும் பட்டினியாக அனுப்பியதில்லை. அன்று தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஏண்ணே, அம்புட்டு எழுதுறீங்க, எல்லாத்தையும் கேளு கேளுங்கிறீங்க. பேரப் போடுறதுக்கு முன்னால இந்தப் புள்ளைககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

பதில் சொல்வதற்குப் பெயர்பெற்ற மனிதர். மேடையில் யார் என்ன கேட்டாலும் மடக்கிவிடுவார். அன்று "கேட்டிருக்கணும் தாயீ" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போனார். நான்தான் வண்டி ஓட்டினேன். கோபம் போகவில்லை, வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் ஓட்டினேன். பாண்டியம்மாள் வீட்டில் அவளுடைய அப்பா எங்களைப் பார்த்துக் கத்தினார். அவள் கல்யாணத்துக்கென்று மில் பிடித்துவைத்த பணம் கைக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவள். உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கன்னம் வீங்கியிருந்தது. அந்த வாயாடி அதைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் அருளண்ணன் செய்ததை உங்களில் சிலர் இன்றுவரை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் எல்லாம் நானாகக் கற்பனையில் போட்டவை, எந்தப் பெண்ணும் இதைக் கேட்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மில்லுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் அதை நகல் எடுத்து ஊரெல்லாம் காட்டினார்கள். பொய் எழுதுகிறவர் என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. சரணாகதி என்றார்கள் தோழர்கள். கூட்டத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவர் சொன்ன பதில் இது:

"எம்பேரு கெட்டா எனக்கு ஒரு வேளைச் சோறு கொறையாது. அதுகளுக்குக் கொறையும்."

மிச்சமிருந்த பிரதிகளை வீட்டு முன்னறையில் குவித்து, கத்தரியால் கடைசிப் பக்கத்தை ஒவ்வொன்றாக வெட்டினார். ஸ்டெல்லா அக்காவும் உட்கார்ந்து வெட்டினார். நானும் வெட்டினேன். அன்றுதான் அவரிடம் மறுபடி பேசினேன். "கோணலா வெட்டுறீங்கண்ணே" என்றேன்.

மில் சில பிள்ளைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்று எழுதித் தர வேண்டும். நான் என்றால் பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன், கேட்டால் கைரேகையும் வைத்திருப்பேன். கவிதா போய் உட்கார்ந்தாள், பேனாவை வாங்கினாள், அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள். "நான் கேட்டேன்ல. கேக்கலன்னு எப்படிப்பா எழுதுறது?" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தும் கொண்டேன். பாண்டியம்மாளுக்கு அந்தப் பேனாவையே யாரும் நீட்டவில்லை. கொஞ்ச நாளில் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். திருப்பூர் என்றார்கள். வேறு ஏதோ ஊர் என்றும் சொன்னார்கள். வீட்டாருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை.

திருப்பூருக்குப் புத்தகம் கொண்டுபோகிற போதெல்லாம், பனியன் கம்பெனிகளில் ஷிப்டு விடும் நேரமாகப் பார்த்து அருளண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். வெளியே வரும் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தள்ளாத வயதில் ஒரு மனிதர் இப்படி நின்றால் என்ன நினைப்பார்கள்? வட்டிக்கு விட்டவர் என்று சிலர் ஒதுங்கினார்கள். ஒரு காவலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டினார். ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏண்ணே, அவளப் பாத்தா என்னத்தச் சொல்லுவீங்க?"

தாராபுரம் வரும்வரை எதிரே வந்த கம்பெனி வேன்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "தெரியலடா. மொதல்ல, 'செத்த நேரம் உக்காரலாமா தாயீ'ன்னு கேப்பேன். உக்காருங்கன்னு சொன்னாத்தான் மத்தது" என்றார்.

அவள் கிடைக்கவேயில்லை. அவர் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் சொன்னபோது உங்களில் சிலர் முகம் சுளித்தீர்கள். ஸ்டெல்லா அக்கா, "உசுரோட இருந்தவரைக்கும் உங்க பேச்சத்தான் கேட்டாரு. இனிமேலாவது எம்பேச்சக் கேக்கட்டும்" என்றதும் எல்லோரும் அடங்கிவிட்டோம். திரும்பி வரும் வழியில்தான் நீங்கள் முடிவு செய்தீர்கள்: அந்தப் புத்தகத்தை முதல் பதிப்பில் இருந்தபடியே, கடைசிப் பக்கத்தோடு, வரலாறாக வெளியிடுவது என்று. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தப் பக்கத்தை அப்படியே போடக் கூடாது.

இந்த வாரம் லோடு போன வழியில் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனேன். இப்போது அவர்கள் பிள்ளைக்காரிகள். ஒருத்தி, "நான் இன்னும் அதே மில்லுலதான் இருக்கேன் சித்தப்பா, தயவுசெஞ்சு போட்றாதீங்க" என்றாள். ஒருத்தி அருளண்ணன் இறந்ததைக் கேட்டு அழுதாள், பெயரைப் பற்றிக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். இருவர் போடலாம் என்றார்கள். மற்றவர்களையும் நானே கேட்டு முடிக்கிறேன்.

கடைசியில் பாலசமுத்திரம் போனேன். கவிதாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். மருமகனுக்கு இப்போது நிரந்தர வேலை இல்லை. அவள் சம்பளம் நின்றால் வீடு ஓடாது. எல்லாம் தெரிந்துதான் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன்.

"போடலாமாம்மா?"

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "பாண்டியம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவ எங்க இருக்கான்னு யாரு கண்டா?"

"அப்ப அவ எடத்தச் சும்மா விடச் சொல்லுங்க. வேற யாரு பேரையும் மேல ஏத்திச் சரிக்கட்ட வேணாம். எம்பேரப் போடுங்க."

"கம்பெனியில தெரிஞ்சா?"

"பயமாத்தாம்ப்பா இருக்கு. இருந்தாலும் போடுங்க. இந்தத் தடவ நீங்க கேட்டு நான் சொல்றேன்ல." பிறகு ஊட்டத் தொடங்கியவள், நிமிர்ந்து பார்க்காமலே, "அன்னைக்கு நீங்களும்தான் தூங்காமக் கேட்டீங்க. உங்க பேரு ஏம்ப்பா இல்ல?" என்றாள்.

அன்று பெயர் கேட்டது பிள்ளைகளிடம் மட்டும்தான். முற்றத்தில் முழித்திருந்து கேட்டும் எதையும் இழக்காதவன் நான் ஒருவன்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அருளண்ணனின் வாயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டதை நீங்கள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். போடலாமா, எழுதலாமா, உட்காரலாமா. ஸ்டெல்லா அக்கா குழம்பு ஊற்றும்போதுகூட, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கலாமா?" என்பார். "என்னைய என்ன மில்லு மேனேஜருன்னு நெனச்சீங்களா?" என்று அக்கா கடுப்பாவார். நாம் எல்லோரும் கேலி செய்தோம். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். அவருடைய புத்தகங்களில் பாதியை நான் தூங்கித் தொலைத்துவிட்டேன். இந்த ஒன்றை முழித்திருந்து கேட்டுக்கொண்டேன்.

ஆகவே நண்பர்களே, கடைசிப் பக்கத்தை இப்படிப் போடலாமா? சம்மதம் சொன்னவர்கள் பெயர் அவரவர் இடத்தில். வேண்டாம் என்றவர்கள் இடம் காலியாக. கவிதாவுக்குக் கீழே பாண்டியம்மாளின் வரி, ஒன்றும் இல்லாமல். எல்லாவற்றுக்கும் அடியில், மாரிமுத்து, ரெட்டியார்சத்திரம். இத்தனை இடம் வீணாகக் கிடக்கிறதே என்று அச்சகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். என்றைக்காவது ஒரு பஸ்ஸிலோ டீக்கடையிலோ அந்தப் புத்தகம் பாண்டியம்மாளின் கைக்குப் போகலாம். தன் வரிசை எது என்று அவளுக்குத் தெரியும். பேனா அவளிடம் இருக்கும். எழுதுவதோ அப்படியே மூடிவைப்பதோ அவள் பாடு. அதுவரை அந்த இடத்தில் யாரும் எதையும் எழுத வேண்டாம்.